குகை வாசலில் வளர்ந்த நெல்

"இந்த நெல்லு என்னைய ஏமாத்திட்டுது அம்மா!"

உச்சி வெயிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்துக்குள் நுழைந்தார் சிவசைலம். வயது அறுபத்தொன்று. அவர் அம்மா என்று கூப்பிட்டது முப்பத்து நாலு வயது உமையாளை. அவள்தான் குரு. அவளுக்கு அவர் அண்ணாச்சி. அந்த மலையடிவாரத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படுவதில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார முடியலையே! பேச்சித்தாய் வயல்ல புகையான் பூச்சி விழுந்திருக்கு. தூர்ல அப்பிக்கிட்டுச் சாறை உறிஞ்சுது. வட்டம் வட்டமா தீ வெச்ச மாதிரி காஞ்சு கெடக்கு. அவளுக்கு இருக்கிறதே அந்த ரெண்டு ஏக்கர்தான். என் பேச்சை நம்பி விதைச்சா."

"என்ன சொல்லி விதை குடுத்தீங்க?"

"பூச்சி இந்த நெல்லைத் தொடாதுன்னேன். சும்மா ஒண்ணும் சொல்லலை. தொட்டியில நட்டு, புகையானைப் பிடிச்சு விட்டு, மேல துணியைக் கட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு தடவை! பன்னிரண்டு தடவையும் பூச்சிதான் செத்துச்சு."

"எங்க வெச்சுப் பார்த்தீங்க?"

"சுனைக்குகை வாசல்ல. நான் தியானத்துக்கு உக்காருற இடம். எந்நேரமும் ஜில்லுன்னு இருக்கும்."

உமையாள் எழுந்து வெளியே நடந்தாள். மொட்டைப் பாறைமேல் ஒரு தொட்டி இருந்தது. துணி மூடிக் கட்டியிருந்தது.

"உங்க விதைதான். இந்த வருஷம் சாரல் வராம வெயில் கொளுத்தவும் எனக்கு ஒரு சந்தேகம். பூச்சியை விட்டு, பத்து நாளைக்கு முந்தி இங்க தூக்கி வெச்சேன். இன்னும் பிரிச்சுப் பார்க்கலை. நீங்களே பிரிங்க."

பிரித்தார். தாள் பழுத்திருந்தது. தூரெல்லாம் புகையான் மொய்த்தது.

குகை வாசலுக்கு ஓடினார். அங்கே அவருடைய தொட்டி. அதே விதை, அதே பூச்சி. பயிர் பச்சைப்பசேலென்று நின்றது.

"அடப் பாவி!" என்றார். நெல்லைத் திட்டினாரா, தன்னையா என்று அவருக்கே தெரியாது.

பின்னாலேயே வந்த உமையாள் கேட்டாள். "வயல் தண்ணியை இன்னிக்கே வடிச்சு, நடு நடுவே பயிரை ஒதுக்கிக் காத்து போக வழி பண்ணினா, மிச்சம் தப்புமா?"

"முக்கால்வாசி தப்பிரும். நாளைக்குன்னா சொல்ல முடியாது."

"தெரிஞ்சுமா இங்க வந்து நிக்கிறீங்க?"

சிவசைலம் தலையைச் சொறிந்தார். காலையிலிருந்து மூன்று தடவை பேச்சித்தாய் வயல் வரப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருந்தார்.

"அவ வாய் பொல்லாத வாய் அம்மா. ஊரைக் கூட்டி ஏசுவா. எனக்கும் கோவம் வந்துரும்."

"உங்களுக்கா? பன்னிரண்டு வருஷமா கோவமே வந்ததில்லைன்னு போன மாசம்கூடச் சொன்னீங்களே."

"அது இங்க உக்காந்து..."

அவர் பார்வை குகை வாசல் தொட்டிமேல் போய் நின்றது. இருந்தாலும் மனுஷன் லேசில் விடுவாரா?

"வெயில் தாழட்டும். போறேன்."

"வெயில் தாழ்ந்தா நெல்லுக்கும் தெம்பு வந்துரும் அண்ணாச்சி."

சிவசைலம் அவளை முறைத்தார். பிறகு குகை ஓரத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினார். கால் வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. தூரத்திலேயே பேச்சித்தாய் பார்த்துவிட்டாள்.

"வாரும் சாமியாரே! என் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டு எங்கவே ஒளிஞ்சீரு? பூச்சி தொடாதாம்ல பூச்சி!"

பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவசைலத்துக்குக் காது சிவந்தது. ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினார்.

மண்வெட்டியை ஓங்கிப் போட்டு வடிகாலைத் திறந்தார்.

"ஏசு தாயி," என்றார். "குளிர்லயே வெச்சுப் பார்த்துட்டேன்."