மூஸுக்கு எந்தத் தோட்டா

நேசமலரிடம் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒன்றைத்தான். மூஸுக்கு எந்தத் தோட்டா நல்லது?

அவர் பதில் சொல்வதில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். ஆறுவதற்குள் பேச்சு வேறெங்காவது போய்விடும்.

குணரத்தினம் தேத்தண்ணியைத் தொடவில்லை. ரொறன்ரோ நகரத்திலிருந்து வடக்கே நாள் முழுக்கப் பயணம் செய்து வந்தவன், புதிய ரைபிளையும் மூன்று பெட்டித் தோட்டாக்களையும் அவருடைய மேசையில் வைத்தான்.

"இதுகளிலை எது ரீச்சர்?"

அந்தக் காட்டோர ஊரில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர் நேசமலர். அதனால் தமிழர் எல்லாருக்கும் அவர் ரீச்சர். குணரத்தினம் அவரைவிட மூத்தவன். ஆனாலும் அப்படியே கூப்பிட்டான்.

அவர் ரைபிளை எடுத்துப் பார்த்தார்.

"இது பெரிசு அண்ணை. கரடி வேட்டைக்காரர் கொண்டு திரியிறது. என்னட்டை இருக்கிறது இதிலும் சின்னது. அதாலைதான் இவ்வளவு காலமும் மூஸ் விழுத்தினனான்."

"எனக்குப் பெரிசுதான் வேணும்."

"சரி," என்றார் நேசமலர்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மணல் மேட்டுக்கு முன்னால், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கலன்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தார்.

"ஒவ்வொரு பெட்டியிலும் ஒண்டு சுடுங்கோ."

ஈய முனைத் தோட்டா முன்னாலிருந்த சில கலன்களைக் கிழித்துவிட்டு நின்றது. குணரத்தினம் குண்டைத் தேடி எடுத்தான். அது காளான் போல விரிந்து, ஓரங்கள் உதிர்ந்திருந்தது. ஈயத்தையும் செம்பையும் ஒட்டவைத்துச் செய்த குண்டு இன்னும் ஆழத்தில், உதிராமல் கிடந்தது. மூன்றாவது முழுச் செம்பு. எல்லாக் கலன்களிலும் ஓட்டை இருந்தது. குண்டைக் காணவில்லை. மணலைத் தோண்டியும் கிடைக்கவில்லை.

அவன் முகம் தெளிந்தது.

"இது நிக்காது ரீச்சர். எலும்பிலை பட்டாலும் நிக்காது."

"ஓம். நிக்காது."

"அப்ப இதுதான்."

"எதைச் சுடப் போறியள்?"

"மூஸை."

"எந்த மூஸை?"

ஈரக் கலன்களிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அங்கேயே, நின்றபடியே சொன்னான்.

போன வருடம் இதே மாதத்தில், பொழுதுபடும் நேரம், அவனுடைய தம்பி இன்பன் இந்தப் பக்கத்து ஹைவேயில் காரில் வந்துகொண்டிருந்தான். மூஸ் ஒன்று குறுக்கே வந்தது. மான் வகைதான், ஆனால் அதன் கால்கள் குதிரையினதைவிட நெடியவை. காரின் முன்பக்கம் கால்களைத்தான் அடிக்கும். உடம்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். இன்பன் இருந்த இருக்கையிலேயே இறந்துபோனான். பொலிஸ் வந்தபோது மூஸ் அங்கே இல்லை. இருக்கையில் கரிய மயிர் கிடந்தது. குளம்படிகள் வீதியோரத்திலிருந்து காட்டுக்குள் போயின.

"நான் அடி பிடிச்சுப் போனனான் ரீச்சர். ஒரு சதுப்பு வந்தது. அதோடை அடி இல்லை."

"பிறகு?"

"பிறகு ட்ரக் ஓடேலாமல் கிடக்கு. ஒவ்வொரு வளைவிலையும் அந்த மூஸ் நிக்குது. பிரேக்கிலை காலை வைச்சபடிதான் ஓடுறன். வேலையும் போகப் போகுது."

நேசமலர் ஓட்டைக் கலன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஊற்றினார்.

"செம்பையே போடுங்கோ," என்றார். "நாளைக்கு அந்தச் சதுப்புக்குப் போவம்."

மற்றப் பெட்டிகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் சதுப்பின் ஓரத்தில், விழுந்து கிடந்த மரமொன்றின் பின்னால் இருவரும் இருந்தார்கள். முன்னால் பழுப்பு நிறப் புல். அதற்கப்பால் ஏரி. பொழுது சாயச் சாய ஏரியிலிருந்து மூடுபனியாய்ப் புகார் எழுந்து புல்லின் மேல் படர்ந்தது. காற்று இல்லை. ஒரு பறவையும் கத்தவில்லை.

நேசமலர் மரப்பட்டையைச் சுருட்டிச் செய்த கூம்பை வாயில் வைத்து, கடுவனை வரவழைக்க, பெண் மூஸ் அழைப்பதுபோல் நீளமாக அழைத்தார். சத்தம் ஏரியைத் தாண்டிப் போய் அடங்கியது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு புகாருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஆங்."

இன்பன் போனை எடுத்தால் வணக்கமோ ஹலோவோ சொல்வதில்லை. "ஆங்" என்பான். தொண்டைக்குள்ளிருந்து, பாதி நித்திரையில் இருப்பவன்போல.

"ஆங்," என்றது மறுபடியும். கொஞ்சம் கிட்ட.

"கடுவன் மூஸ்," என்று நேசமலர் முணுமுணுத்தார். "அதின்ரை குரல் அப்பிடித்தான்."

குணரத்தினம் தலையாட்டினான்.

ஒரு சுள்ளிகூட முறியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி வந்தது என்று தெரியவில்லை. புகார் ஒருதரம் மெலிந்தபோது அது அங்கே நின்றது. அகன்ற கொம்பு. கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடி. முன் தோளில் மயிர் முளைக்காத நீளமான தழும்பு. பக்கவாட்டில், அசையாமல், சுடுவதற்கென்றே நிறுத்தி வைத்ததுபோல் நின்றது.

குணரத்தினம் ரைபிளைத் தூக்கினான். தழும்புக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தான். நெஞ்சு ஒரேயடியாக அமைதியாயிற்று. ஒரு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தான்.

"அதுக்குப் பின்னாலை என்ன நிக்குது எண்டு பாருங்கோ," என்றார் நேசமலர். வகுப்பில் எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

அவன் பார்த்தான்.

மூஸுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றான். தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. ஒரு கை மூஸின் முதுகின் மேல் கிடந்தது. வயலில் வேலை முடிந்து தன் மாட்டின் மேல் சாய்ந்து இளைப்பாறுகிறவனின் கை அது. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. புகாரில் கண்ணும் மூக்கும் பிடிபடவில்லை. ஆனால் தலையை ஒரு பக்கம் சரித்து நிற்கும் அந்த நிற்பை அவனுக்குத் தெரியும்.

விசையில் இருந்த விரல் விறைத்தது. உள்ளே இருப்பது செம்பு. நிற்காது. ஈய முனையை மாற்றிப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அது உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். நிற்கும்தானா? தண்ணீர்க் கலன்களில் நின்றதுதான். ஆனால் எந்தக் குண்டு எங்கே நிற்கும் என்று அந்த நேரத்தில் அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மூஸ் அவனைப் பார்த்தது. அந்த ஆளும் பார்த்தான்.

குணரத்தினம் ரைபிளை இறக்கினான்.

புகார் மூடியது. திரும்ப விலகியபோது புல் மட்டும் இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே நேசமலர் எழுந்து நடந்தார். அவன் பின்னால் போனான். மூஸ் நின்ற இடத்தில் குளம்படிகள் ஆழமாகப் பதிந்திருந்தன, தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் அவர் தன் தடியைக் குத்தினார். தடி முழுவதும் சேற்றுக்குள் போயிற்று.

அங்கே ஒருவரும் நிற்க முடியாது.

காட்டோரத்தில் அடித்திருந்த கூடாரத்துக்குத் திரும்பினார்கள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். குணரத்தினம் தீயைப் பார்த்தபடி இருந்தான்.

"அங்கை ஒராள் நிண்டவன்."

"ம்."

"நீங்களும் பாத்தனீங்களோ?"

"நான் உங்களைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"என்ரை தம்பி ரீச்சர்."

அவர் அடுப்பில் இன்னொரு விறகை வைத்தார்.

"அதிலை கை போட்டுக்கொண்டு நிண்டவன். ஊரிலை எங்கடை சிவலை மாட்டோடை நிக்கிறமாதிரி. அவனுக்கு அதிலை ஒரு கோவமும் இல்லை. ஏன் ரீச்சர், எனக்கேன் விளங்கேல்லை?"

நேசமலர் தேத்தண்ணியை ஊற்றி அவன் கையில் கொடுத்தார். அவன் அழுதான். செத்தவீட்டிலும் அழாதவன். தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னால் முழுவதையும் குடித்தான். பிறகு இன்பனைப் பற்றிக் கதைத்தான். கார் ஓட்டத் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்தவன், முதல் பனியில் வழுக்கி விழுந்துவிட்டுச் சிரித்தவன், உப்புக் கூடிய மீன் குழம்பைப் பாராட்டியே சாப்பிடுகிறவன். அந்த ஒரு வருடத்தில் அவன் தம்பியைப் பற்றிக் கதைத்ததே இல்லை. மூஸைப் பற்றித்தான் கதைத்திருந்தான்.

விடிந்தபோது புகார் இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. அதே மரத்தின் பின்னால் போய் இருந்தார்கள். நேசமலர் ஒருதரம்தான் அழைத்தார்.

புல்லை விலக்கிக்கொண்டு ஓர் இளம் கடுவன் வந்தது. தோளில் தழும்பு இல்லை. வெயில் அதன் முதுகில் பட்டது. பின்னால் ஏரியும் எட்டாத் தொலைவில் மறுகரையும்தான் இருந்தன. குணரத்தினம் நன்றாகப் பார்த்துக்கொண்டான். குளிர்காலம் முழுவதும் இரண்டு குடும்பம் சாப்பிடலாம். அவன் வீடும், இன்பனின் பிள்ளைகளும்.

ரைபிளைத் திறந்தான். நேற்றுக் கழற்றிவைத்த செம்புத் தோட்டா அவன் உள்ளங்கையில் இருந்தது. பைக்குள் மற்ற இரண்டு பெட்டிகளும் இருந்தன. மெல்லக் கேட்டான்.

"எதைப் போடுறது ரீச்சர்?"

நேசமலர் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இண்டைக்கு நீங்கள் சுடப் போறது மூஸைத்தானே அண்ணை. எது எண்டாலும் போதும்."