மூன்றாவது சித்தரின் சம்சாரம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் நீர்க்குன்றம் என்ற சீமையைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. அவன் அண்ணன் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் இலையிலேயே சாய்ந்து செத்துப்போனான். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சாவைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

பயப்படுகிறவனைத் தேடி யார் வருவார்? பயத்தைப் போக்குகிறேன் என்று சொல்கிறவர்தான் வருவார். வந்தார் அகஜோதியார். ஆறே மாதத்தில் ராஜகுரு ஆகிவிட்டார். சபையில் வேறு யாரையாவது பார்த்து ராஜா "சபாஷ்" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"மன்னா, வெளிக்காற்று, வெளிச்சம் எல்லாம் அடைத்தால்தான் உள்ளே ஜோதி தெரியும். ஏழு பேர் குழிக்குள் உட்கார்ந்து முக்தி அடையட்டும். அந்தப் புண்ணியத்தில் உனக்குச் சாவு பயமே போய்விடும்," என்றார்.

அரண்மனைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவு. மேலே கல் பலகை, சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்து. முதலில் அரண்மனைச் சமையல்காரர் போனார். அடுத்து யானைப்பாகன். ஒவ்வொருவரையும் மூடிய மூன்றாம் நாள் திறந்து பார்த்தால், இரண்டு பேருமே உட்கார்ந்தபடியே செத்திருந்தார்கள்.

"பார், முக்தி!" என்றார் குரு. ராஜா கண்ணீர் விட்டுக் கும்பிட்டான்.

பாகனின் விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது. எல்லோரும்தான் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கல்லை எடுக்கச் சொல்லி அழுகிறவர் முக்தியைக் கெடுக்கிறவர், அடுத்து அவர்தான் உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு.

ஊரே நடுங்கியது. கண்ணை மூடி நின்றால் "இவன் பக்குவமாகிவிட்டான்" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் கோயிலில்கூட ஜனங்கள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாமி கும்பிட்டார்கள்.

அந்தக் குழியை வெட்டியவன் உடையான், கிணறு வெட்டுகிற ஆள். பாகனை எடுத்த பிறகு பலகையைத் திரும்பப் பொருத்த வந்தவன், சும்மா இருக்காமல் கேட்டுவிட்டான்.

"சாமி, காத்துக்கு ஒரு ஓட்டை விட வேண்டாமா? கிணத்துக்குள்ளயே காத்து கெட்டுப்போனா ஆள் செத்துருவான்."

குரு சிரித்தார். "மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டான்."

மறுநாள் காலை உடையானை உள்ளே உட்கார வைத்துப் பூசி மூடினார்கள். சேதி அவன் மனைவி பச்சையம்மாவுக்கு வந்தது. அவளும் கிணற்று வேலை செய்கிறவள்தான். அந்தக் குழிக்குள் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். உச்சிப்பொழுதைத் தாண்டாது. அழுதுகொண்டு போய் நின்றால் அவளும் காலி, அவனும் காலி.

முகத்தைக் கழுவினாள். கல்யாணச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நேராகச் சபைக்குள் நடந்தாள்.

"யாரம்மா நீ?" என்றான் ராஜா.

"மூணாவது சித்தரோட சம்சாரம். என் இடம் எங்க?"

"என்ன இடம்?"

"முக்தி அடைஞ்சவர் குழிமேல கோயில் கட்டுறதுதானே மகாராஜா வழக்கம்? வருஷா வருஷம் குருபூசை நடக்கும். நீங்க தலையில தட்டு சுமந்து வருவீங்க. முதல் மரியாதை வாரிசுக்கு. சமையல்காரருக்கும் பாகனுக்கும் கேக்க ஆளில்ல. என் புருஷனுக்கு நான் இருக்கேன்."

"மண் வெட்டுகிறவனுக்குக் கோயிலா!" என்று குரு எகிறினார்.

"ஏன் சாமி, நீங்கதானே முக்தின்னு சொன்னீங்க? இந்நேரம் அவர் ஜோதியைப் பார்த்திருப்பார். நீங்க இன்னும் குழிக்குள்ள இறங்கவே இல்ல. ரெண்டு பேர்ல யார் பெரியவர்?"

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. சித்தர் குடும்பத்தை அவமதித்தால் என்ன ஆகுமோ! "குருவே, எழுந்திருங்கள். அந்த ஆசனம் இந்த அம்மாவுக்கு."

"அவசரமில்ல மகாராஜா," என்றாள் பச்சையம்மா. "முதல்ல சாமி என் கால்ல விழட்டும். அப்புறம் நீங்க."

ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டே போனது. குரு எழுந்திருக்கவில்லை. அவள் சிரித்த முகத்தோடு காலை முன்னால் நீட்டினாள்.

குருவுக்குத் தாங்கவில்லை. "அவனாவது சித்தனாவது! முக்தியும் கிடையாது, ஜோதியும் கிடையாது! மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருப்பான் அந்தப் பயல்!"

ராஜா மெதுவாகக் கேட்டான். "அப்படியானால் சமையல்காரர்?"

"அது... அவர் வேறு..."

"பாகன்?"

"பலகையைத் திற!" என்று ராஜா கத்துவதற்குள் பச்சையம்மா தோட்டத்தில் இருந்தாள். கடப்பாரையை அவளே போட்டு நெம்பினாள். உடையானின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். ஐந்தாவது அடிக்கு இருமினான். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

ராஜா மண்ணிலேயே உட்கார்ந்து கேட்டான். "என்னப்பா பார்த்தாய்? ஜோதி தெரிந்ததா?"

"இருட்டுதான் மகாராஜா. மூச்சு முட்டுச்சு, பயந்து செத்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு என் நெஞ்சு அடிக்கிற சத்தத்தையே கேட்டுட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பயம் போயிருச்சு. நிஜம்."

"பார்த்தீர்களா!" என்று குதித்தார் குரு.

உடையான் அவரைத் திரும்பிப் பார்த்தான். "அதுக்கு எதுக்கு சாமி மூடி?"

இந்தக் கேள்வி இப்போதும் செல்லும். கண்ணை மூடி உட்காருவது நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மேடை போட்டு, மைக் பிடித்து, "கேள்வி கேட்காதே" என்று ஒருத்தர் சொன்னால் அதுதான் கல் பலகை. எழுந்து வந்துவிட வேண்டும்.

குருவின் ருத்திராட்சத்தைக் கழற்றி, தலையில் மண் கூடையை வைத்தார்கள். குழி நிரம்பும்வரை அவர்தான் சுமந்தார், அதன் பிறகு சிறை. ராஜா பச்சையம்மாவிடம், "அந்த ஆசனம் உனக்குத்தான். வேறு என்ன வேண்டும்?" என்றான்.

"செத்த ரெண்டு பேரும் முக்தி அடையல, கொல்லப்பட்டாங்கன்னு ஊர்ல சொல்லணும் மகாராஜா. ஆள் விட்டு இல்ல. உங்க வாயால."

ராஜா தெருத்தெருவாக நடந்து சொன்னான். அவனுக்குச் சாவு பயம் கடைசிவரை போகவில்லை. ஆனால் அவன் பயத்துக்காக அதன் பிறகு யாரும் சாகவில்லை.