இடப்பக்கக் கழுத்து

ஐம்பத்தெட்டு வயதில் சீடனாகச் சேருகிறவன் சும்மா இருக்கமாட்டான், கேள்வி கேட்டே குருவின் உயிரை எடுப்பான். ராக்கியப்பன் அப்படித்தான். கோயம்புத்தூரில் முப்பது வருஷம் பம்புசெட் பவுண்டரி நடத்திவிட்டு, ஆசை யாரை விட்டது, ஒரு கார் பந்தய அணியைத் தொடங்கினார். காரைப் பற்றிச் சாவி போடுவதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தன் அணியின் தலைமை எஞ்சினியர் கோகிலவாணியிடமே பாடம் கேட்டுக்கொண்டார். அவளுக்கு முப்பத்தைந்து வயது. அவளுக்கு அவர் முதலாளி, அவருக்கு அவள் வாத்தியார். இருவருக்கும் அதில் வெட்கமில்லை.

கோகிலவாணி வாயால் பதில் சொல்வது அபூர்வம். காருக்கு ஸ்பிரிங் எதற்கு என்று ஒருமுறை கேட்டார். அவள் அவரை இரும்புத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் பட்டறை வாசலைச் சுற்றி நான்கு முறை இழுத்துவிட்டாள். இரண்டு நாள் அவரால் சரியாக உட்கார முடியவில்லை. அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை.

அந்த வருஷம் ஐந்து போட்டிகள். எங்கெங்கே நடத்துவது என்று அணிகள் கூடிப் பேசிய கூட்டத்தில், ராக்கியப்பன் பேசிப் பேசியே நான்கை உள்ளூர்த் தடத்துக்கு வாங்கிவந்துவிட்டார். அவர்கள் கார் பழகிய இடம் அது. நேர்ச்சாலைகள் குட்டை. வளைவுகள் சட்டென்று ஒடியும். கோயிலை வலம் வருவதுபோலத் தடம் வலப்பக்கமாகச் சுற்றும். ஐந்தாவது போட்டி மட்டும் வடக்கே புதிதாகப் போட்ட தடத்தில். அது இடப்பக்கமாகச் சுற்றும். வளைவுகள் முடியாமல் நீண்டுகொண்டே போகும். கடைசிப் போட்டி என்பதால் அதற்கு இரட்டைப் புள்ளி.

“ஒரு வாரம் அங்க போயி ஓட்டிப் பாத்துட்டு வரலாமுங்களாண்ணா?” என்று இரண்டாவது வெற்றி முடிந்ததும் கோகிலவாணி கேட்டாள்.

“ஒரே ஒரு போட்டிக்கு ஒரு வாரமா அம்மிணி? அந்த ஒரு வாரத்துல இங்க இன்னும் அரை செகண்டு புடிக்கலாமே!”

பிடித்தார்கள். நான்கு போட்டியிலும் முதலிடம். கடைசிப் போட்டியில் நான்காவதாக வந்தாலே பட்டம் என்று ஆயிற்று.

காரை ஓட்டியவன் சஞ்ஜித், ராக்கியப்பனின் தங்கை மகன். இருபத்தாறு வயது. பட்டம் வாங்கினால் எடுத்துக்கொள்கிறோம் என்று வெளிநாட்டு அணி ஒன்று சொல்லியிருந்தது. வாங்காவிட்டால் அவ்வளவுதான். அந்த வயதுக்கு மேல் யாரும் புதிதாக எடுப்பதில்லை. பள்ளிக்கூடப் படிப்பைக்கூடப் பாதியில் விட்டு அவன் இதற்காகவே வளர்ந்தவன்.

சனிக்கிழமை, வடக்குத் தடத்தில் பயிற்சி ஓட்டம். முதல் ஒன்பது சுற்று சஞ்ஜித் நன்றாக ஓட்டினான். பத்தாவதில் ஒரு செகண்டு பின்தங்கினான். பன்னிரண்டாவதில் மூன்று. பதினான்கில் காரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்துவிட்டான்.

“அப்பிரதட்சணமா சுத்துனா எப்படி வெளங்கும்?” என்றார் ராக்கியப்பன். “எஞ்சினா அம்மிணி? டயரா?”

கோகிலவாணி சஞ்ஜித்தின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். ராக்கியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்து அவன் கழுத்தின் இரண்டு பக்கத்திலும் வைத்தாள்.

“அமுத்திப் பாருங்ண்ணா.”

வலப்பக்கம் முறுக்கிய கயிறாக இருந்தது. இடப்பக்கம் விரல் உள்ளே போயிற்று. சஞ்ஜித் வலியில் பல்லைக் கடித்தான். வலப்பக்கம் திரும்பித் திரும்பியே வளர்ந்த கழுத்து அது. இந்தத் தடத்தின் நீண்ட வளைவுகளில் தலையைத் தாங்கவேண்டிய பக்கத்தில் சதையே இல்லை.

ராக்கியப்பன் கையை எடுத்துக்கொண்டார். இத்தனை நாளாகக் காரைத் தடவித் தடவிப் பார்த்தவர், பையனின் கழுத்தை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

“ஒரு நாள்ல சரி பண்ண முடியுங்களா?”

“முடியாதுங்ண்ணா.”

சஞ்ஜித்தே வழி சொன்னான். “ஹெல்மெட்டுல ஒரு வாரு போட்டு இடது அக்குளுக்குக் கீழ இழுத்துக் கட்டிருங்க மாமா. தலை சாயாது. மேல உடுப்பு மூடிக்கும், யாருக்கும் தெரியாது.”

“அது சட்டத்துல இருக்குதாடா?”

“இல்ல.”

ராக்கியப்பன் குருவைப் பார்த்தார்.

“கட்டலாமுங்களா அம்மிணி? நாலாவது வந்தாப் போதும். இருபத்திரண்டே சுத்து. கார் கவுந்தாலும் அவனே வாரை அவுத்துக்குவான்.”

“கை நல்லா இருந்தா அவுத்துக்குவானுங்க.”

“இல்லீன்னா அங்க காவலுக்கு நிக்கறவங்க இருக்காங்களே?”

“வாரு இருக்கறது அவங்களுக்குத் தெரியாதுங்ண்ணா. சொன்னா ஓட்டவே விடமாட்டாங்க. தெரிஞ்சவங்க நாம மூணு பேருதான். அவன் உள்ள இருப்பான். நான் ரேடியோவுல இருக்கோணும்.”

கருவிப்பெட்டியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சட்டைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்தாள்.

“மூணாவது வளைவுல கார் கவுந்து கெடக்குதுங்ண்ணா. தீப் புடிச்சிருச்சு. ஓடுங்க.”

ராக்கியப்பன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பட்டனை அழுத்திவிட்டாள்.

ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, வெயிலில் காய்ந்த தாரின் ஓரத்தில் ஓடினார். பாதி வழியில் நடந்தார். பிறகு மறுபடியும் ஓடினார். மற்ற அணிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். மூன்றாவது வளைவை எட்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

கோகிலவாணி ஸ்டாப்வாட்ச்சை நீட்டினாள். அவர் வளைவை எட்டிய கணத்தில் நிறுத்தியிருந்தாள். மூன்று நிமிஷம் ஐந்து செகண்டு.

“சரி அம்மிணி,” என்றார் மூச்சு வாங்க. “நான் அங்கயே போயி நின்னுக்கறேன்.”

“இந்தத் தடத்துல பதினாலு வளைவு இருக்குதுங்ண்ணா.”

ராக்கியப்பன், சஞ்ஜித் மடியில் தயாராக வைத்திருந்த வாரை எடுத்து, அந்தக் கத்தரிக்கோலாலேயே துண்டு துண்டாக வெட்டினார். தடித்த வார், லேசில் வெட்டுப்படவில்லை.

“மாமா!” சஞ்ஜித் எழுந்துவிட்டான். “எனக்கு வேற வருஷமே இல்ல மாமா. உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்டா.”

“என்ற உசுரு, நான் பாத்துக்கறேன்.”

அவர் அடுத்த துண்டை வெட்டினார். சஞ்ஜித் வெளியே போய்விட்டான். அன்று முழுக்க அவருடன் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பந்தயம். வார் இல்லாமல் ஓட்டினான். பத்துச் சுற்று தாண்டியும் மூன்றாவது இடம். கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பதினாறாவது சுற்றில் அவன் தலை வலது தோளை நோக்கிச் சாய்ந்திருப்பது திரையில் தெரிந்தது. ஒவ்வொரு நேர்ச்சாலையிலும் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தலையை நிமிர்த்திக்கொண்டான். பதினேழில் ஒருவன் அவனைத் தாண்டினான். பதினெட்டில் இரண்டு பேர்.

“உள்ள வந்துரு சஞ்ஜித்து,” என்றாள் கோகிலவாணி ரேடியோவில்.

அவன் உள்ளே வரவில்லை. ஓட்டினான். கடைசிச் சுற்று வரை ஓட்டி, இன்னும் ஒருவனுக்கு வழிவிட்டு, ஏழாவதாக வந்தான். பட்டம் வேறு அணிக்குப் போயிற்று.

காரைக் கொட்டகையில் நிறுத்தியபின் அவனால் இறங்க முடியவில்லை. தலை தோளிலேயே கிடந்தது. இரண்டு பேர் தூக்கி வெளியே எடுத்துத் தரையில் உட்காரவைத்தார்கள். ராக்கியப்பன் அவன் பின்னால் மண்டிபோட்டு, ஹெல்மெட்டை மெல்லக் கழற்றித் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். அது இவ்வளவு கனக்கும் என்று அவர் நினைத்ததில்லை. சஞ்ஜித்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்து அவர் விரலில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அவன் மாமாவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? ராக்கியப்பனுக்கும் அழுகை வந்தது.

பக்கத்து அணியில் பட்டாசு வெடித்தார்கள். கோகிலவாணி ரேடியோவைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, ஒரு ஈரத்துணியை மடித்துச் சஞ்ஜித்தின் கழுத்தில் போட்டாள்.

“எந்தச் சுத்துல அம்மிணி விட்டோம்?” என்று தலையை ஏந்தியபடியே ராக்கியப்பன் கேட்டார். “பதினேழுலயா, பதினெட்டுலயா?”

“நம்மூர்லயேங்ண்ணா,” என்றாள் அவள். “ஜெயிச்சிட்டிருந்தப்ப.”