ஆற்றங்கரைப் பக்கம்

“யாரும் வாசிக்க மாட்டேங்காங்க அம்மா” என்றார் ஆவுடையப்பன்.

மெய்யம்மை கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“எதை?”

ஆவுடையப்பன் பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். மெலிந்த புத்தகம். அட்டை எப்போதோ போய்விட்டது. காக்கித் தாளில் அவரே அட்டை போட்டிருந்தார்.

அவருக்கு டவுனில் பாத்திரக்கடை. பெரிய உடம்பு, பெரிய குரல். மாதத்தில் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு, பஸ் பிடித்து, மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்ன மடத்துக்கு வருவார். மெய்யம்மை அவரைவிட இளையவர். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கிவிட்டார். ஆவுடையப்பன் அவரைத் தன் குரு என்று எல்லோரிடமும் சொல்வார். மெய்யம்மை அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

“கடைக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கேன். நல்லா வாங்கிட்டுப் போறாங்க. கொஞ்ச நாள் கழிச்சுக் கேட்டா, பத்திரமா இருக்கு அண்ணாச்சிங்காங்க. பத்திரமா வைக்கவா கொடுத்தேன்? இருக்கிறது ஒரே புத்தகம், திருப்பி வாங்கித்தான் அடுத்த ஆளுக்குக் கொடுக்கேன். பல் டாக்டர் ஒருத்தர், நல்லா இருந்ததுன்னு திருப்பிக் கொடுத்தார். எந்த இடம் சார்னு கேட்டேன். எல்லா இடமும்னார்.”

மெய்யம்மை சிரித்தார்.

“சிரிக்காதீங்க அம்மா. வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுப் பரிமாறின பிறகு, தொடாம எழுந்து போன மாதிரி இருக்கு. நேத்து ஒருத்தர்கிட்ட சத்தம் போட்டுட்டேன். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் என்கிட்டதான் சீர்ப் பாத்திரம் எடுப்பாரு. இனி கடைப்படி ஏறமாட்டாரு.”

“புத்தகத்துக்காகவா?”

“புத்தகத்துக்காகத்தான்.”

மெய்யம்மை கையில் இருந்த துணியை மடித்து வைத்தார்.

“எனக்குக் கொடுங்க.”

ஆவுடையப்பன் நீட்டினார்.

“இப்படி இல்லை. அவங்களுக்கு எப்படிக் கொடுப்பீங்களோ, அப்படி.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அருமையான புத்தகம். ரொம்ப ஆழமான விஷயம். வாழ்க்கையில ஒவ்வொருத்தரும் கட்டாயம் வாசிக்கணும்.”

மெய்யம்மை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மடித்த துணிகளின்மேல் வைத்தார். மறுபடி கொடிப் பக்கம் போய்விட்டார்.

ஆவுடையப்பன் காத்திருந்தார்.

“வாசிக்கலையா அம்மா?”

“வாசிக்கிறேன்.”

“எப்போ?”

“நேரம் கிடைக்கும்போது.”

அவர் முகம் சுருங்கியது.

மெய்யம்மை கடைசித் துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் வேறொரு புத்தகம் இருந்தது.

“எங்க அப்பா என்கிட்டப் பேசாம இருந்த காலம் ஒண்ணு உண்டு. ஒரே வீடு. ஒரு வார்த்தை கிடையாது. அப்போ இதை வாசிச்சேன். பாதியில எழுந்து போய் அவருக்குக் காபி போட்டேன்.”

“குடிச்சாரா?”

“குடிச்சார். சர்க்கரை பத்தலைன்னார்.”

ஆவுடையப்பன் அதற்குள் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி முதல் பக்கத்தைத் திறந்திருந்தார். உதடு அசைய வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

மெய்யம்மை அதை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“மடத்துப் புத்தகம். வெளியே கொடுக்கிறதில்லை.”

ஆவுடையப்பன் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மோட்டார் போட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிழும் சத்தம் கேட்டது.

“உங்க புத்தகத்தில எந்தப் பக்கம்?” என்று கேட்டார் மெய்யம்மை.

ஆவுடையப்பன் தேடவில்லை. புத்தகத்தை எடுத்து விரித்ததும் அந்தப் பக்கம்தான் வந்தது.

மெய்யம்மை நின்றபடியே வாசித்தார்.

ஒரு உப்பு வியாபாரியின் கதை அது. மாட்டின்மேல் உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராகப் போகிறவன். அவன் மகள் செத்துப்போய்க் காலம் ஆகிவிட்டது. ஒருநாள் ஆற்றங்கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். எதிர்க்கரையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு விளையாடுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தன் மகளின் குரல் தன்னிடம் இல்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. எவ்வளவு நினைத்தும் வரவில்லை. கரையில் உட்கார்ந்துவிடுகிறான். “அவள் குரல் எனக்கு மறந்துவிட்டது” என்று மாட்டிடம் சொல்கிறான். மாடு குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை.

மெய்யம்மை புத்தகத்தை மூடினார். இந்த முறை அதைத் துணியின்மேல் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எங்கே கிடைச்சது?”

“பாத்திரம் சுத்திக் கொடுக்கப் பழைய தாள் எடை போட்டு வாங்குவோம்லா, அந்தக் கட்டுக்குள்ள கிடந்தது. கிழிக்கப் போனேன். இந்தப் பக்கம் கண்ணுல பட்டது. கடையில ஆள் இருந்தாங்க. ஒரு அம்மா இட்லிக் கொப்பரை விலை கேட்டுக்கிட்டே நின்னாங்க. என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லை.”

“யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?”

“தையல்காரர், டாக்டர், போஸ்ட்மாஸ்டர், கல்யாண வீட்டுக்காரங்க. லாரி டிரைவர் ஒருத்தருக்குக்கூடக் கொடுத்தேன்.”

“யாருக்குக் கொடுக்கலை?”

அவர் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வீட்ல யாரு இருக்காங்க?”

“சொர்ணம் மட்டுந்தான்.”

“வாசிப்பாங்களா?”

“என்னைவிட அதிகம் வாசிப்பா. எங்க நூலகத்துல அவ எடுக்காத புத்தகம் கிடையாது.”

“அவங்களுக்கு?”

“கொடுக்கலை.”

“ஏன்?”

ஆவுடையப்பன் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெய்யம்மை எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். கீரைப் பாத்திக்கு ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம்தான் ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

“அவளுக்குக் கொடுத்தா, எதுக்குக் கொடுத்தேன்னு தெரிஞ்சுபோகும்.”

மெய்யம்மை புத்தகத்தை அவர் பைக்குள் போட்டார். பையை எடுத்து அவர் தோளில் மாட்டினார்.

“பஸ் வர்ற நேரம்” என்றார்.

“அம்மா, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே.”

“விட்டா அடுத்த பஸ் சாயங்காலம்தான்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவுடையப்பன் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் சொர்ணத்துக்கும் ஒரே பிள்ளை. வடிவு. பதினோரு வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். பல வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சோறு, கறி, கரண்டு பில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் பேசுவார்கள். பெயரை எடுத்தால் சொர்ணம் உடைந்துபோவாள் என்று அவர் பயந்தார். சொர்ணம் என்ன நினைத்தாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை.

பெயரைச் சொல்லாமல் இருந்து இருந்து, ஒருநாள் வடிவின் குரல் அவர் நினைவிலிருந்து போய்விட்டது. என்றைக்கு என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா என்று தன்னைத்தானே வெறுத்துக்கொண்டு திரிந்த நாளில்தான் அந்தத் தாள்கட்டு கடைக்கு வந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். உலகத்தில் இன்னொருவனுக்கும் இப்படி மறந்திருக்கிறது.

டவுனில் இறங்கினார். கடையைத் திறக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனார்.

சொர்ணம் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க? சாப்பிட்டீங்களா?”

அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

சொர்ணம் காக்கி அட்டையைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் கொடுத்த புத்தகமா?”

“உனக்குத் தெரியுமா?”

“தையல்காரர் வீட்டம்மா சொன்னா. உங்க வீட்டுக்காரரு ஒரு புத்தகத்தைக் கொடுத்து உயிரை வாங்குதாருன்னா.”

“அருமையான புத்தகம்” என்று தொடங்கினார். “ரொம்ப ஆழமான…”

“ஊருக்குச் சொன்னதை எனக்கும் சொல்லணுமா?”

அவர் நின்றார். வெயில் முற்றத்தில் பாதி வரைக்கும் வந்திருந்தது. கூட்டம் நிறைந்த கடையில் தெருமுனை வரைக்கும் கேட்கும் அவர் குரல், இப்போது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“வடிவு போனதுக்கு அப்புறம் வாசிச்சேன்” என்றார்.

முறம் நின்றது.

சொர்ணம் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். புத்தகத்தை வாங்கினாள். அங்கேயே, நிழல் இருக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே போகத் தோன்றவில்லை. சொர்ணம் வேகமாக வாசிப்பாள். தாள் புரளும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காக்கை வந்து முறத்தில் வாய் வைத்தது. இருவரும் விரட்டவில்லை.

தாள் புரளும் சத்தம் நின்றுபோயிற்று.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். புத்தகம் அவள் மடியில் விரிந்து கிடந்தது. எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

“குரலா?” என்றாள்.

“ஆமா.”

“உங்களுக்கா?”

“ஆமா.”

சொர்ணம் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். “நீங்க எல்லாத்தையும் மறந்துட்டீங்கன்னுல்லா நெனச்சேன்” என்றாள். “அவ பேச்சையே எடுக்கலையேன்னு.”

“நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்.”

“நான் தாங்காம என்ன?”

அவர் தரையில் கிடந்த உளுந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

“அவ அப்பான்னு முழுசாக் கூப்பிடமாட்டா” என்றாள் சொர்ணம். “பாதியை முழுங்கிருவா. எப்பவும் சளி பிடிச்ச மாதிரி கம்மின குரல். மூச்சுவிடாம ஒரே ஓட்டமாச் சொல்லி முடிப்பா.”

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினார்.

சொர்ணம் தன் குரலைக் கம்மவைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

“ப்பா, நான் கடையப் பாத்துக்கிடுதேன், நீங்க போயிச் சாப்பிடுங்க.”

அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

அதேதான். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்வாள். ஒரு எழுத்து மாறவில்லை.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டார். முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

“எவ்வளவு வேணும்? தெருவுல ஐஸ் விக்கிறவனைக் கூப்பிட்டது இருக்கு. கணக்கு வரலைன்னு அழுதது இருக்கு. எல்லாம் இருக்கு.” சொர்ணத்தின் குரல் இறங்கியது. “எனக்குக் குரல் இருக்கு. நடைதான் போச்சு.”

“நடையா?”

“எப்படி நடந்து வருவான்னு ராவும் பகலும் யோசிக்கேன். வர மாட்டேங்கு. போட்டோவுல எல்லாத்துலயும் நிக்கத்தான செய்தா. யார்கிட்டப் போயிக் கேக்க?”

ஆவுடையப்பன் வியப்போடு அவளைப் பார்த்தார்.

“அவ எங்க நடந்தா?” என்றார். “குதிகால் தரையில படாதே. நுனிக்கால்லதான வருவா. ஒரு கையில பாவாடையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிடுவா. திரும்புற இடத்துல சுவத்தை ஒரு தட்டு தட்டுவா.”

“எப்படி?”

“சொன்னேன்லா.”

“சொன்னா எனக்கு வரலை.”

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். முட்டி வலித்தது. வேட்டியின் ஒரு ஓரத்தை இடது கையில் சுருட்டிப் பிடித்தார். குதிகாலைத் தூக்கினார். அந்தப் பெரிய உடம்பு, நுனிக்காலில், உளுந்து சிதறிக் கிடந்த முற்றத்தில், வெயிலுக்குள் நுழைந்து நிழலுக்குள் போயிற்று. கடைசிச் சுவரை உள்ளங்கையால் தட்டிவிட்டு, பாதி துள்ளலாகத் திரும்பியது.

சொர்ணம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து அவர் நின்றார். தோள் குலுங்கியது. தலைப்பை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அவர் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

“இன்னொரு தடவை நடங்க” என்றாள்.