நான்கு வாய்கள்

"அந்தப் பொண்ணு என் வகுப்பையே கெடுத்துட்டா மேடம்" என்றார் அருளாளன்.

கமருன்னிசா தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அருளாளனுக்கு ஐம்பத்தொரு வயது. குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கமருன்னிசா அவரைவிடப் பதிமூன்று வயது இளையவள். ஆம்பூரில், மூடிப்போன தோல் கிடங்கு ஒன்றில் தனியாக ஓவியம் வரைந்துகொண்டிருந்தாள். பேச்சு குறைவு. கோபம் அதிகம்.

கியூபிசம் என்ற ஓவியப் பாணியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் தாமாகத்தான் அவளிடம் வந்தார். எட்டு சனிக்கிழமைகள் வந்தார். உன் முகத்தை நேராகப் பார், பக்கவாட்டில் பார், கீழேயிருந்து பார், பார்த்ததையெல்லாம் துண்டுகளாக உடைத்து ஒரே முகமாகச் சேர் என்று அவள் கற்றுக்கொடுத்தாள்.

அதையே அவர் பத்தாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுத்தார்.

"முப்பத்திநாலு பிள்ளைங்க. எல்லாம் ஒழுங்கா வரைஞ்சுதுங்க. யுவஸ்ரீன்னு ஒருத்தி. முடிக்கிற நேரத்துல கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைப் பிதுக்கி மொத்த முகத்தையும் மூடிட்டா."

"அப்புறம்?"

"கத்தினேன். வெளிய போய் நில்லுன்னேன். நிக்கல. பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே போயிட்டா. அஞ்சு நாளா வரல. அவங்கம்மா வந்து, பொண்ணு இனிமே படிக்கமாட்டேங்குது, டி.சி. குடுத்துடுங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட நிக்கிறாங்க. பரீட்சை வருஷம் மேடம். இவ்வளவு திமிரா ஒரு பிள்ளைக்கு?"

"படம் எங்க?"

"என் பீரோவுல கெடக்கு. தூக்கிப் போடணும்."

"கொண்டு வாங்க."

மறுநாள் கொண்டு வந்தார்.

கமருன்னிசா அந்தக் கேன்வாஸ் அட்டையை ஜன்னலோரம் மேசைமேல் கிடத்தினாள். முழுக்கக் கறுப்பு. காய்ந்து இறுகியிருந்தது.

"கண்ணை மூடுங்க."

மூடினார்.

அவருடைய கையைப் பிடித்து அட்டையின் மேல் வைத்தாள். "என்ன தெரியுது?"

"மேடு மேடா இருக்கு. கெட்டியா பெயின்ட் வெச்சிருக்கா. இது நெத்தி. இது பக்கவாட்டு மூக்கு." விரல்கள் நகர்ந்தன. "நல்லாத்தான் உடைச்சிருக்கா."

"இன்னும் கீழ."

விரல்கள் நின்றன.

"இங்க மட்டும் ஏன் வழவழன்னு இருக்கு?" என்று கேட்டாள் கமருன்னிசா. "இங்கயும். இதோ, இங்கயும். நாலு இடம். யாரோ பெரிய தட்டைத் தூரிகையால இழுத்து மேட்டையெல்லாம் அமுக்கியிருக்காங்க. பதினஞ்சு வயசுப் பொண்ணு கை இல்ல இது."

அருளாளன் கண்ணைத் திறந்தார்.

"நான்தான்" என்றார்.

"என்ன திருத்தினீங்க?"

"உதட்டை."

"ஏன்?"

"அவளுக்குப் பொறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது மேடம். தையல் போட்ட தழும்பு இருக்கு. அதை நாலு பக்கத்துலேர்ந்தும் பார்த்து நாலு வாய் வரைஞ்சிருந்தா. நாலுலயும் தழும்பு. பசங்க எட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. தூரிகையை வாங்கி, நாலு வாயையும் அழகாப் பண்ணிக் குடுத்தேன்."

"சிரிச்சவங்களை என்ன சொன்னீங்க?"





"வயசுப் பிள்ளைங்க" என்றார். "சிரிக்கத்தான் செய்யும்."

கமருன்னிசா அட்டையைச் செய்தித்தாளில் சுற்றினாள். சுற்றும்போது தாள் கிழிந்தது. கிழிந்ததைக் கசக்கி எறிந்துவிட்டு அட்டையை அப்படியே அவர் கையில் திணித்தாள். கதவைத் திறந்தாள்.

"கெளம்புங்க மாஸ்டர்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம்."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? என் வாயையா அழிச்சீங்க?"

கதவு சாத்தப்பட்டது.

பஸ்ஸில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னைவிடச் சின்னவள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறாள். ஒரு பிள்ளை அவமானப்படக் கூடாதே என்று செய்தது பாவமா? இருபத்தாறு வருஷ உத்தியோகம். இதுவரை ஒரு பிள்ளையை அவர் கைநீட்டி அடித்ததில்லை.

பேர்ணாம்பட்டு தாண்டும்போது, மடியில் கிடந்த அட்டையை விரல் தடவிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். வழவழப்பான அந்த நான்கு இடங்களை விட்டு விரல் வெளியே வரவில்லை.

குடியாத்தத்தில் இறங்கியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை.

யுவஸ்ரீயின் அம்மா வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். அருளாளனைக் கண்டதும் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க மாஸ்டர். பாப்பா, யாரு வந்திருக்காங்க பாரு."

யுவஸ்ரீ வந்து நிலைப்படியில் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"என் வாய் உங்களை என்ன சார் பண்ணுச்சு?"

"ஏய்! மாஸ்டர்கிட்ட பேசற பேச்சா இது?" என்றார் அம்மா.

"நீ சும்மா இரும்மா. எந்தப் பக்கத்தையும் ஒளிக்காம வரைங்கன்னு சொன்னதே இவருதான். நான் பொறந்ததுலேர்ந்து கண்ணாடியை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல. மூணு வாரம் பார்த்தேன். தெனமும் பார்த்தேன். அவங்க சிரிச்சாங்க. நான் நிறுத்தல. சார் இருக்காரு, கேப்பாருன்னு நெனச்சேன்."

மூச்சு வாங்கினாள்.

"நீங்க கிட்ட வந்து பிரஷ்ஷை வாங்கி அழிச்சிட்டீங்க. அவங்க சிரிக்கறது எனக்குப் பழகிப்போச்சு சார்."

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா நான்..."

அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

"இங்க சொல்றீங்க. அங்க எல்லார் முன்னாலயும் பண்ணீங்க."

உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை ஒரு நாள் அவளை அனுப்பிவைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவர் கிளம்பினார்.

திங்கட்கிழமை ஓவிய வகுப்பு மூன்றாவது பீரியட். அவளை அம்மா கேட் வரை கொண்டுவந்து விட்டதாகக் காவலாளி சொன்னார். யுவஸ்ரீ நேராகத் தன் இடத்துக்குப் போய், பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். எந்த நிமிஷமும் எழுந்து போகிறவள் போல.

அருளாளன் கறுப்பு அட்டையைக் கரும்பலகையில் சாய்த்துவைத்தார்.

"இது யுவஸ்ரீ வரைஞ்ச முகம். இதுல நாலு வாய் இருந்துச்சு. நாலும் சரியா இருந்துச்சு. அவளைக் கேக்காம நான் அழிச்சேன். அதனாலதான் அவ கறுப்பு பூசினா. தப்பு என்னோடது."

கடைசி பெஞ்சில் ஒருவன் மூக்கால் சிரித்தான்.

அவர் அங்கே நடந்தார்.

"பிரவீண்ராஜ். எழுந்திரு. எதுக்குச் சிரிச்ச?"

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். காது சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்ல முடியல இல்ல? அப்போ சிரிக்காத." பெஞ்சை ஓங்கித் தட்டினார். அந்த வகுப்பில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "இந்த ரூம்ல அந்தச் சிரிப்பு இனிமே கேக்கக் கூடாது. அன்னிக்கே நான் இதைச் சொல்லியிருக்கணும்."

திரும்பி வந்து, பீரோவிலிருந்து வெள்ளையாக ஒரு புது அட்டை எடுத்து யுவஸ்ரீயின் முன்னால் வைத்தார்.

"புதுசா ஆரம்பிம்மா."

அவள் அதைத் தள்ளினாள். எழுந்து போய்க் கரும்பலகையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்து வந்தாள். பையைக் கழற்றினாள். வெள்ளையையும் சிவப்பையும் பிதுக்கி, பெயின்ட் கத்தியால் குழைத்தாள்.

கறுப்பின் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய் வந்தது. மேலுதட்டில் கத்தி முனையால் தழும்பைக் கீறினாள். பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கினாள்.

அருளாளன் அவள் பின்னால் வெகுநேரம் நின்றார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "என்னை மன்னிச்சிட்டியாம்மா?" என்றார்.

யுவஸ்ரீ திரும்பவில்லை.

"பேசாதீங்க சார்" என்றாள். "வரைஞ்சிக்கிட்டிருக்கேன்."