மேலே போகும் வயர்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை சாராள் அக்கா. போன லெந்து தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து, கஞ்சி குடித்த தட்டுகளை நான் கழுவ அக்கா துடைத்து அடுக்கினார்கள். அப்போது சொன்னது.

பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி என்று ஒருவர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயதில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார். சொல்லிக் கொடுத்தது ஹெப்சிபா டீச்சர். அவருக்கு மகள் வயது.

ஒரு சனிக்கிழமை காலையில் டீச்சரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், மேல் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னை உள்ள விட மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமாத் தட்டிப் பாக்கியளா, அண்ணாச்சி?"

"இல்ல. அப்ப ஒருக்கத் தட்டினேன். தப்புன்னு சொல்லிட்டு. இந்த ஒரு வாரமாத்தான் திரும்பத் தட்டுதேன்."

டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேல் வீட்டில் இருப்பது அவருடைய சொந்தத் தம்பி செல்வின். சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவன். பாட்டெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் இருக்கும். மாடிப்படி ஓரமாக ஒரு வயர் இழுத்து, கீழே அண்ணன் கம்ப்யூட்டரிலும் கேட்கிற மாதிரி அவன்தான் வைத்துக் கொடுத்தான்.

அண்ணன் மனைவி கனகமணி அந்தக் குழுவில் பாடுவாள். அவளுக்கு மூச்சு வாங்கும். ஒரு நாள் மேல் வீட்டில் நடக்கிற பயிற்சிக்கு ஏறும்போது ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். பாட வந்தவர்கள் எல்லார் முன்னாலும் ஞானசிகாமணி தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"உன் பாட்டு இவளைக் கொன்னுதான்ல விடும்."

அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்த வருஷம் கனகமணி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்கத்துக்குத் தம்பி வந்தான். மண் போட்டான். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அவளுக்கு முதல் வருஷ நினைவு ஆராதனை, டீச்சர். அவ தனியாப் பாடினது ஒண்ணே ஒண்ணு மேல இருக்கு. அவ குரல் எங்கிட்ட வேற எதுலயும் இல்ல."

"தம்பிட்ட கேக்கலாமே?"

"அவன் நம்பரை அழிச்சாச்சு."

"மாடிக்குமா நம்பர் வேணும்?"

"நீங்க கம்ப்யூட்டரைப் பாருங்க டீச்சர்."

டீச்சர் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ ஒரு வரி அடித்தார். கடகடவென்று நாலு வரி கீழே வந்து விழுந்தது.

"மேல உள்ளது பதில் சொல்லுது. வழி நல்லா இருக்கு."

"பின்ன என்னவாம் அதுக்கு?"

"நீங்க யாருன்னு கேக்குது."

"என் பேரைத்தான் போடுதேன்!"

"அது இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச பேரு. மேல உள்ளதுக்கு உங்களை எந்தப் பேர்ல தெரியும்?"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முன்னால ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான். வீடுன்னு போடணும். பாஸ்வேர்டு எங்க அம்மா பேரு."

"இப்ப?"

"மாத்திட்டான்."

"புதுசை யாரும் சொல்லலையா?"

"எவரும் சொல்லல."

சொல்லிக்கொண்டே பழையதையே மறுபடியும் அடித்தார். தப்பு என்றது. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். தப்பு. கோபத்தில் அடித்தார். தப்பு. டீச்சர் தடுக்கவில்லை. கடைசியில் அது கேட்பதையே நிறுத்திவிட்டு, கணக்கு பூட்டப்பட்டது என்றது.

"பாத்தியளா! நான்னு தெரிஞ்சதும் பூட்டுதான்!"

"அவரு பூட்டல, அண்ணாச்சி. தப்பையே திரும்பத் திரும்பச் சொன்னா அது தானா பூட்டிக்கிடும். சும்மா விட்டா தானா திறந்துக்கிடும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

பழைய டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் இதோட மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கவா?"

"வேண்டாம். வயர் எங்கயும் அத்துருக்கான்னு பாத்துட்டு வாங்க. கண்ணால பாத்தாப் போதாது. கையால தொட்டுக்கிட்டே போகணும்."

அவர் எழுந்தார். வயர் ஜன்னல் வழியாக வெளியே போய் மாடிப்படிச் சுவரைப் பிடித்து ஏறியது. அவரும் ஏறினார். இரண்டு வருஷமாக ஏறாத படி.

ஏழாவது படியில் கொஞ்சம் நின்றார்.

படி திரும்புகிற இடத்தில் விரலுக்கு ஏதோ தடித்தது. வயரை எலி கடித்திருந்தது. கடித்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அடிபட்ட விரலுக்குச் சுற்றுகிற மாதிரி நெருக்கமாக. இரண்டு படி தள்ளி இன்னொரு கட்டு. அதற்கு மேல் இன்னொன்று. அது புது டேப். பளபளப்புக்கூடப் போகவில்லை.

இதை யார் சுற்றினது? அவர் சுற்றவில்லை.

வயர் கடைசியில் ஒரு கதவோரத்து ஓட்டைக்குள் போய் மறைந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிக் கீழே பார்த்துக் கூப்பிட்டார்.

"டீச்சர்! வழி நல்லா இருக்குன்னு நீங்கதான முதல்லயே சொன்னிய?"

கீழேயிருந்து சத்தம் இல்லை.

அவர் குரலைக் கேட்டு மேலேதான் கதவு திறந்தது. செல்வின் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

"வயரை எலி கடிச்சிருக்கு" என்றார்.

"மூணு தடவை கடிச்சுட்டு, அண்ணே. சுத்திட்டேன்."

"எதுக்கு?"

"என்னைக்காச்சும் நீங்க பாட்டு கேட்டா?"

"பாஸ்வேர்டை மாத்திட்டு வயரைச் சுத்தினியாக்கும்!"

"மாத்தினது உங்களுக்காவா மாத்தினேன்? பாட வந்த பயலுவ எதையோ அழிச்சுட்டானுவ. அதான் ஆளுக்கு ஒரு பேரா வச்சேன். உங்க பேர்ல தனியா ஒண்ணு இருக்கு. நான் பாக்குறது எல்லாத்தையும் நீங்களும் பாக்கலாம்."

ஞானசிகாமணி வயரிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னைக்கே குழாயடியில வச்சு மதினிட்ட சொல்லி விட்டேனே. அவிய சொல்லலையா?"

குழாயடி என்றதும் அவருக்கு அந்தச் சாயந்திரம் அப்படியே வந்து நின்றது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு கனகமணி உள்ளே வந்தாள். குடத்தை இறக்கி வைக்கக்கூட இல்லை. "ஏங்க, உங்க தம்பி ஒண்ணு சொல்லச் சொன்னாவ" என்று ஆரம்பித்தாள். முகம் சிரிப்பாக இருந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேல் வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றார். அவள் குடத்தோடு அடுக்களைக்குப் போனாள். சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை.

"அண்ணே, சொல்லலையா?"

ஞானசிகாமணி படியில் உட்கார்ந்தார்.

"சொல்ல வந்தா" என்றார்.

இதற்கு மேல் சாராள் அக்கா சொல்லவில்லை. கடைசித் தட்டைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார்கள். அதையேதான் நானும் உங்களிடம் கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் ஜெபத்தில் ஞானசிகாமணி என்ற பேரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.