ஆறடித் தண்ணீரும் மூன்றடிச் சொல்லும்

ஒரு வழக்குச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. பாதியிலேயே ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிடாமல், கடைசி வரை கேளுங்கள்.

தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் ஒரு பாலிடெக்னிக். அங்கே முதலாண்டில் சி என்ற கணினி மொழி படிக்கிற மூன்று பேர் சேர்ந்து, ஊர்ப் படித்துறைக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை செய்தார்கள். ஆற்றுக்குள் நிற்கும் கோல் தண்ணீரின் உயரத்தை அளக்கும். கரையிலிருக்கும் பலகை சிவப்பு எழுத்தில் ஒரு வரி காட்டும். மூன்றடிக்கு மேல் போனால் "குழந்தைகளை இறக்காதீர்". ஐந்தடிக்கு மேல் போனால் "யாரும் இறங்காதீர்". எட்டடிக்கு மேல் போனால் "கரையை விட்டு விலகுங்கள்".

பலகைக்கான கணினி நிரலை எழுதியவள் முப்பிடாதி. அவள் அம்மா பேச்சியம்மாள் தினமும் அந்தப் படித்துறையில்தான் துணி துவைத்துக் குளித்துவிட்டு வருவாள். பலகை வருவதற்கு முன்பே, 'எம் மவ செஞ்சது' என்று பாதித் தெருவுக்குச் சொல்லியும் விட்டாள்.

முப்பிடாதிக்கு அப்போது தெரிந்ததெல்லாம் 'இஃப்' ஒன்றுதான். இஃப் என்பது ஒரு கேள்வி. பதில் ஆம் என்றால் அதற்கடியில் சொன்னதைக் கணினி செய்யும். இல்லையென்றால் தாண்டிப் போகும். அவள் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுதினாள். மூன்றடியைத் தாண்டியதா? ஐந்தடியை? எட்டடியை? சின்னது முதலில், பெரியது கடைசியில். தண்ணீர் ஆறடி என்றால் முதல் கேள்விக்கும் ஆம், இரண்டாவதற்கும் ஆம். பின்னால் வருகிற வரி முன்னால் வந்ததை அழித்துவிட்டுப் பலகையில் ஏறிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த வரிசை. நான்கு, ஆறு, ஒன்பது என்று எண்களை அடித்துப் பார்த்தாள். மூன்றுக்கும் சரியான வரி வந்தது. அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தோழி ஜெபசீலி நிரலைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏட்டி, ஒண்ணுக்கு ஆமான்னு வந்துட்டா மத்ததை எதுக்குக் கேக்கணும்? நடுவுல 'எல்ஸ்' போட்டா வேலை மிச்சம்லா. போடட்டா?"

"போடு, ஒரு சொல்லுதான?" என்றாள் முப்பிடாதி.

எல்ஸ் என்றால், மேலே உள்ள கேள்விக்கு 'இல்லை' என்று வந்தால் மட்டும் கீழே வா என்று பொருள். நல்ல பழக்கம்தான், வகுப்பிலும் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். ஜெபசீலி இரண்டு இடத்தில் எல்ஸ் போட்டாள். கேள்விகளின் வரிசையில் கை வைக்கவில்லை.

சோதித்துப் பார்ப்பது மூன்றாமவன் முகைதீனின் வேலை. கல்லூரித் தொட்டியில் கோலை நிறுத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டான். தொட்டி நிரம்பியதும் வந்து சொன்னான்.

"தொட்டியே நாலடிதான். அதுவரைக்கும் கரெக்டா காட்டுது. அதுக்கு மேல நான் பாக்கல."

"மேல உள்ளதை நான் அன்னைக்கே பாத்துட்டேன்" என்றாள் முப்பிடாதி. பலகை படித்துறைக்குப் போயிற்று.

ஐப்பசியில் மலையில் நல்ல மழை. ஒருநாள் காலையில் ஆறு கலங்கலாக ஆறடிக்கு ஓடியது. துணிமூட்டையோடு வந்த பேச்சியம்மாள் பலகையை அண்ணாந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "குழந்தைகளை இறக்காதீர்". அவளோடு குழந்தை யாரும் வரவில்லை. இறங்கினாள்.

இரண்டு படி இறங்குவதற்குள் ஆறு அவளை இழுத்துவிட்டது. கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறியவளை, கரையில் நின்றவர்கள் வேட்டியை வீசி இழுத்துப் போட்டார்கள். மூட்டை போனது, முழங்கை கிழிந்தது. உயிர் தப்பியதே பெரும்பாடு.

ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "பலகையப் பாத்துட்டுத்தான் இறங்குனேன் தாயி. பிள்ளைகளத்தான இறக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு?"

முப்பிடாதி அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆறடித் தண்ணீரில் குழந்தைகளை இறக்கக் கூடாது என்பதும் உண்மைதானே!

வாசலில் ஜெபசீலி, எல்ஸ் போட்டது நான்தானே என்று அழுதாள். தொட்டியோடு நின்றுவிட்டேனே என்று முகைதீன் தலையில் அடித்துக்கொண்டான்.

சின்னதை முதலில் வைத்தவள் ஒருத்தி. எல்ஸ் போட்டவள் ஒருத்தி. நாலடியோடு நிறுத்தியவன் ஒருவன். சொல்லுங்கள், இந்த மூவரில் குற்றம் யாருடையது?

விடை: முப்பிடாதியுடையது. அவள் வைத்த வரிசை தனித்தனிக் கேள்விகளுக்குச் சரி. எட்டை முதலிலும் மூன்றைக் கடைசியிலும் வைத்திருந்தால் எல்ஸும் சரி. இரண்டும் சேர்ந்தபோதுதான் கெட்டது; மூன்றடியைத் தாண்டியதா என்ற முதல் கேள்விக்கே 'ஆம்' வந்துவிட்டதால் மற்ற இரண்டையும் கணினி கேட்கவே இல்லை. ஜெபசீலி கேட்டுவிட்டுத்தான் போட்டாள். முகைதீன் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொன்னான். வரிசையின் காரணம், எல்ஸ் வந்தது, சோதனை நாலடியோடு நின்றது, இந்த மூன்றும் தெரிந்தவள் முப்பிடாதி மட்டும்தான். அவள் பார்த்து முடித்தது எல்ஸ் வருவதற்கு முந்தைய நிரலை. ஆறு என்று இன்னொரு முறை அடித்துப் பார்த்திருந்தால் போதும். பிறகு வரிசையைத் தலைகீழாக்கி, எல்லா அளவும் அடித்துப் பார்த்துத்தான் பலகையைத் திரும்ப மாட்டினாள். முழங்கையில் கட்டோடு பேச்சியம்மாள் மறுபடி படித்துறைக்கு வந்தாள். அன்றும் அவள் ஆற்றைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மகள் ஆற்றில் நின்ற கோலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.